பாடினவரின் பெயர் என்ன?

1

எங்கள் தமிழ் நிகழ்ச்சிக்கு இந்த மாதம் ஏழு வயதாகிறது. இங்குள்ள கல்லூரி வானொலியில் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரும்போது கற்பிட்டியில் ஞாயிறு காலை ஆறரை. அது பாண் ரொட்டி விற்கும் திரீவீல் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வரும் நேரம். என்னுடைய வணக்கமும் ஸலாமும் அந்தப் பாட்டுச் சத்தத்தில் அடிபட்டுப் போவதாகத் தம்பி மனைவி இன்றும் குறைப்படுவாள். வருடத்துக்கு இரண்டு முறை இந்த நாட்டில் கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். அந்த வாரங்களில், "என்ன மச்சி, இண்டைக்கு உங்கட சத்தமே இல்ல" என்று அவளிடமிருந்து செய்தி வரும். ஒரு நாடு முழுவதும் சேர்ந்து நேரத்தை மாற்றும் என்பதை அவள் இன்னும் நம்பவில்லை. நான் பிந்தி எழும்பிவிட்டேன் என்றுதான் நினைக்கிறாள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் பெயர் நஸீரா. எருக்கலம்பிட்டியில் பிறந்து, வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டில் வாப்பா உம்மாவோடு கற்பிட்டிக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் முடித்து, பிறகு அமெரிக்காவின் மேற்குக் கரையில் மழை அதிகம் பெய்யும் இந்தச் சின்ன ஊருக்கு வந்தேன். கணவர் நஃபீல் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார். நான் கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். ஒரே மகள் ஷிஃப்னா உயர்பள்ளியின் கடைசி வருடத்தில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள்.

வானொலி நிலையம் மாணவர் கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. கிழிந்த சோபா ஒன்று, சுவர் முழுக்க இசைக்குழுக்களின் படங்கள், யாரோ விட்டுப்போன ஒற்றைச் சப்பாத்து. நடத்துவது எல்லாம் மாணவர்கள்தான். எங்கள் எஃப்.எம். அலை ஊருக்கு வெளியே இருக்கும் மலையைத் தாண்டாது. மலைக்கு இந்தப் பக்கம் தமிழ் கதைக்கும் வீடுகள் நான்கே நான்கு. ஆகவே அலையை நம்பி நான் நிகழ்ச்சி செய்யவில்லை. அதே நேரத்தில் இணையத்திலும் ஒலிபரப்புகிறார்களே, அதுதான் எனக்கு எல்லாம். கற்பிட்டியில் தம்பி ரிஸ்மியின் ஹாட்வெயார் கடையில் கேட்கிறார்கள். கனமூலையில் மாமி வீட்டில் தேத்தண்ணீரோடு கேட்கிறார்கள். டோஹாவில் என் வகுப்புத் தோழி ஒருத்தி விடியும் முன்னால் எழும்பிச் சமைத்துக்கொண்டே கேட்கிறாள்.

2

சென்ற இலையுதிர் காலத்தில் நிலையத்திலிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. அனுப்பியவள் எமிலி. பாட்டுகளுக்குப் பொறுப்பான மாணவி, இசையும் சட்டமும் படிக்கிறவள். புதிய கல்வித் தவணை தொடங்குவதற்குள் என் நிகழ்ச்சியின் பாட்டுகளை எல்லாம் 'கிளியர்' பண்ண வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

மேசையைக் கிளியர் பண்ணு என்றால் துடைத்து வை என்று பொருள். கணினியைக் கிளியர் பண்ணு என்றால் எல்லாவற்றையும் அழி என்று பொருள். நான் இத்தனை வருடமாகச் சேர்த்த பாட்டுகளை அழிக்கப் போகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். கோபமாக ஒரு பதில் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் ஷிஃப்னாவிடம் இலக்கணம் பார்க்கக் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கிளியர் என்றால் இங்கே அனுமதி எடுப்பது என்று சொன்னாள். கொழும்புத் துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணுவது போல என்று நஃபீல் பக்கத்திலிருந்து சேர்த்தார். அது எனக்கு உடனே விளங்கியது. பதிலை அழித்தது நான்தான்.

அடுத்த நாள் எமிலியோடு இருந்து கதைத்தபோதுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. இந்த நாட்டில் ஒரு பாட்டு எஃப்.எம். அலையில் போனால் அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் மட்டும்தான் உரிமை. அதே பாட்டு, அதே நொடியில், இணையத்தின் வழியாகப் போனால் பாடியவருக்கும் ஒலிப்பதிவின் சொந்தக்காரருக்கும் உரிமை வந்துவிடுகிறது. அதற்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம், தனி அறிக்கை. என்ன பாட்டு, யார் பாடியது, எந்த இறுவட்டு, எந்த நிறுவனம் என்று ஒவ்வொன்றையும் பதிய வேண்டும். ஒரே இறுவட்டிலிருந்து அடுக்கடுக்காகப் போடக்கூடாது. இன்ன பாட்டு இன்ன நேரத்துக்கு வரும் என்று முன்னாலேயே சொல்லவும் கூடாது.

சினிமாப் பாட்டுகளில் சிக்கலில்லை. அவற்றுக்கு நிறுவனம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒலிநாடாக் கெசட்டுகளில்தான் பிரச்சினை. கல்யாண வீடுகளில் பாடிய குழுக்கள், திருவிழா மேடைகளில் பாடியவர்கள், சிலாபத்திலோ புத்தளத்திலோ ஒரு சின்ன அறைக்குள் பதிவு செய்து அவர்களே விற்ற பாட்டுகள். அவற்றைப் பற்றி உலகத்தில் எங்கும் ஒரு பதிவு கிடையாது. சொந்தக்காரர்களின் எழுத்துச் சம்மதம் இல்லாவிட்டால் அப்படிப்பட்டவற்றை இணையத்தில் விட முடியாது என்பது நிலையத்தின் ஆலோசகர் எடுத்த முடிவு. மீறிப் போட்டால் அந்த ஒரு மணி நேரத்துக்கு இணைய ஒலிபரப்பை நிறுத்தி வைப்பார்கள்.

அலை மட்டும் போகும் என்று எமிலி ஆறுதலாகச் சொன்னாள். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நான்கு வீட்டில் ஒன்று என்னுடையது என்று நான் சொன்னேன்.

3

பெரும்பாலான பாட்டுகளுக்கு வழி பிறந்தது. பாடியவர்களோ அவர்களின் பிள்ளைகளோ வாட்ஸ்அப்பில் அகப்பட்டார்கள். தங்கள் பாட்டு அமெரிக்காவில் ஒலிக்கிறது என்றதும் சந்தோஷப்பட்டு உடனே எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் மிஞ்சியது 'களப்புக் காத்து'.

என் நிகழ்ச்சியை ஒரு முறை கேட்டவர்களுக்கும் அந்தப் பாட்டைத் தெரியும். கற்பிட்டிக்காரரான மஃறூப் நானா எழுதி இசையமைத்தது. எங்கள் கடலேரியான களப்பில் காற்று மாறுகிறபோது கரையில் நிற்கிற ஒருத்தி தோணியில் போனவனுக்குச் சொல்லும் வார்த்தைகள். பெரிய கவிதை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குரல் மேலே போய் நிற்கிற இடத்தில் கேட்கிறவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒலிக்காத கல்யாண வீடு இருக்கவில்லை. என் கல்யாணத்திலும் ஒலித்தது. பெட்டி கட்டியபோது அந்தக் கெசட்டைத் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன்.

எமிலி அறிக்கைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு, பாடியவர் என்ற இடத்தில் நான் வழமையாகப் போட்டிருந்த 'மஃறூப் இசைக்குழு' என்ற பெயரைக் காட்டி, மஃறூப் என்பது இந்தப் பெண்ணின் பெயரா என்று கேட்டாள்.

இல்லை, அது குழுவை நடத்தியவரின் பெயர் என்றேன்.

"அப்போ பாடினவரின் பெயர் என்ன?"

எனக்குத் தெரியாது. கெசட்டின் உறையில் மஃறூப் நானாவின் படமும் ஓர்கன் ஒன்றின் படமும் இருந்தன. 'மஃறூப் இசைக்குழுவினர் வழங்கும்' என்று இருந்தது. வேறு ஒரு பெயரும் இல்லை. நானும் ஏழு வருடமாக அதைத்தான் வாசித்து வந்தேன். உறையில் இருப்பதை வாசிப்பதுதான் அறிவிப்பாளரின் வேலை என்று எண்ணியிருந்தேன்.

4

மஃறூப் நானாவைத் தேடுவது கஷ்டமாக இருக்கவில்லை. பாட்டை விட்டுவிட்டு இப்போது கற்பிட்டிக்கு வெளியே வெங்காயத் தோட்டம் செய்கிறார் என்று ரிஸ்மி சொன்னான். இங்கே காலை, அங்கே மாலை. தோட்டத்தில் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது. ஸலாம் சொல்லி, வாப்பாவின் பெயரைச் சொன்னதும் ஆளை அடையாளம் கண்டுகொண்டார். விஷயத்தைச் சொன்னேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லி யாரையோ கூப்பிட்டார்.

அவருக்கு ஒரே மகிழ்ச்சி. அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எத்தனை வேண்டுமானாலும் கையொப்பம் வைக்கிறேன் என்றார். பாடியவரின் சம்மதமும் வேண்டும் என்றேன். குழு என்றால் எல்லாரும் அடக்கம்தானே, தன்னுடைய கையொப்பம் போதாதா என்று கேட்டார். போதாது என்றேன். பிறகு, கடன் கேட்டவனுக்குப் பதில் சொல்வது போலத் தயங்கி, பெயரைச் சொன்னார். செல்வராணி. உடப்புப் பக்கம். கோவில் திருவிழாவில் பாடக் கேட்டுத் தான்தான் குழுவுக்குக் கூட்டி வந்ததாம்.

உறையில் ஏன் பெயர் போடவில்லை என்று கேட்டேன்.

"அந்தக் காலம் உங்களுக்குத் தெரியும்தானே மகள்," என்றார். "நம்மட ஆக்கள்ட கல்யாண வீட்டுக்குப் போற கெசட்டு. பொம்பளப் பேர், அதுவும் இந்துப் புள்ளட பேர் போட்டா எடுக்கமாட்டாங்க எண்டு பயந்தன்."

கெசட் வெளியே வந்ததற்குப் பிறகு செல்வராணி குழுவுக்கு வரவில்லை என்பதையும், அவர் போய்க் கூப்பிடவில்லை என்பதையும் பின்னால் ரிஸ்மி சொல்லித்தான் அறிந்தேன்.

செல்வராணி அக்காவின் இலக்கம் கிடைக்க ஒரு வாரம் போனது. வீட்டில் பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர். நாங்கள் கதைக்கும்போது தையல் மெஷின் நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கா, வானொலி, இணையம், உரிமை என்று நான் அடுக்கியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள் என்று கேட்டார். ஏழு என்றேன். என்ன பெயர் சொல்லிப் போடுகிறீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். மெஷின் நின்றது.

"தங்கச்சி, உங்களில எனக்குக் கோபம் இல்ல," என்றார். "ஆனா என்ட பேர் இல்லாத பாட்டுக்கு நான் எப்பிடி அனுமதி தாறது? பேரை விட்டவர் வந்து கேக்கட்டும். அப்ப தாறன்."

குரல் உயரவே இல்லை. பாட்டில் மேலே போய் நிற்கிற அதே குரல், கொஞ்சம் தடித்திருந்தது. பிறகு என் மகளைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்தார்.

மஃறூப் நானாவிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் பார்க்கலாம் என்றார். மூன்றாவது முறை மோட்டாரை நிறுத்தச் சொல்லவில்லை, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துவிட்டார். குழுவில் ஓர்கன் வாசித்த சிலாபத்து மனிதர் இப்போது இத்தாலியில் இருக்கிறார். தமிழும் சிங்களமும் கலந்து எழுதி ஒரே நாளில் சம்மதம் அனுப்பினார். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

5

அந்தச் சம்மதத்தை ஆங்கிலத்தில் மாற்றி ஆலோசகருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. என் ஆங்கிலத்தை நம்பி அனுப்பப் பயமாக இருந்ததால் ஷிஃப்னாவைக் கூப்பிட்டேன். அவளுக்குக் காற்பந்துப் பயிற்சிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. காலணிக் கயிற்றைக் கட்டியபடி, நான் சொல்லச் சொல்ல எழுதினாள். இடையில் நிறுத்திவிட்டு, அபூர்வமாக, தமிழில் கேட்டாள்.

"உம்மா, அவ பாடினா. எல்லாரும் கேட்டாங்க. ஏன் ஒராளும் பேர் சொல்லல்ல?"

நான் விளக்கத் தொடங்கினேன். காலம் அப்படி, ஊர்ப் பேச்சு, சண்டை நடந்த வருடங்கள், ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்ட நேரம், கல்யாண வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம். தமிழில் சொல்லும்போது ஒவ்வொன்றும் பெரிய காரணமாக இருந்தது. அவளுக்கு விளங்குவதற்காக ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் சின்னதாகிக்கொண்டே போனது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். வாதாடியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவள் போன பிறகு ஒரு காரியம் செய்தேன். மஃறூப் நானாவிடம் அந்தக் கெசட் இருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை. ரிஸ்மியிடம் கேட்டதில், கடல் பெருகிய ஒரு வருடத்தில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்து எல்லாம் கெட்டுப்போனதாகச் சொன்னான். தன்னுடைய பாட்டை அவர் கேட்டுப் பல வருடம் இருக்கும். அவரிடம் இருந்தது பட்டன் தொலைபேசி. நான் பாட்டை ரிஸ்மிக்கு அனுப்பி, தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டச் சொன்னேன். ஒன்றும் கதைக்க வேண்டாம், போட்டுக் காட்டினால் போதும் என்றேன்.

வரம்பில் குந்தியிருந்து கேட்டார் என்று ரிஸ்மி சொன்னான். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு, உடப்புக்கு ஞாயிற்றுக்கிழமையில் பஸ் எப்படி என்று கேட்டார்.

மிச்சத்தைச் செல்வராணி அக்கா சொல்லித்தான் அறிந்தேன். மஃறூப் நானாவும் மனைவியும் பாலாவிக்கு வந்து, சிலாப பஸ் பிடித்து, பத்துளு ஓயாவில் இறங்கி, திரீவீலில் போயிருக்கிறார்கள். மீன்பிடி ஊரான உடப்புக்குக் கருவாடு கொண்டுபோக முடியாது என்பதால் ஒரு சாக்கு வெங்காயம். முன்னறையில் கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்தார்களாம். அவர் வெங்காய விலையைப் பற்றிக் கதைத்தார். கரைவலைக்கு இப்போது ஆள் கிடைக்கிறதா என்று அக்காவின் கணவரிடம் கேட்டார். மழையைப் பற்றிக் கதைத்தார். தேத்தண்ணீர் முடிந்தது, இரண்டாவது தேத்தண்ணீரும் முடிந்தது. கடைசியில் அவர் மனைவிதான், "வந்த விஷயத்தச் சொல்லுங்களே" என்றிருக்கிறார்.

மஃறூப் நானா எழும்பி நின்றாராம். மேடையில் அறிவிப்பு சொல்ல எழும்புவது போல நின்றார் என்று அக்கா சொன்னார்.

"ராணி, அந்தப் பாட்டு நான் எழுதினது. ஆனா சனம் கேட்டது உன்ட குரல. பேர் போடாதது நான். இப்ப போடச் சொல்லிக் கேக்க வந்திருக்கன்."

"நீங்கள் என்ன சொன்னீங்க, அக்கா?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, அழுதிருவனோ எண்டு பயம். உள்ள போய் அரிசி கழுவினன்."

பகல் சாப்பாடு சாப்பிடாமல் அவர்களை விடவில்லை. ஹலால் யோசிக்க வேண்டாம் என்று மீனும் மரக்கறியும் மட்டும் சமைத்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் அனுப்பி, அக்காவின் மகன் அச்சடித்து வைத்திருந்த தாளில் இருவரும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கையொப்பம் வைத்தார்கள். முதலாவது இடம் யாருக்கு என்று ஒரு சின்ன இழுபறி வந்ததாம். செல்வராணி என்பதுதான் மேலே இருந்தது.

6

ஆண்டு நிறைவு நிகழ்ச்சியில் 'களப்புக் காத்து' போட்டேன். எமிலி வேலை இல்லாதபோதும் வந்து கிழிந்த சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அறிக்கையில் பெயரை அவளேதான் பதிந்தாள். எழுத்துக்கூட்டலை இரண்டு தரம் கேட்டு, உச்சரிப்பைப் பழகி, சரியாகவே சொன்னாள். இவ்வளவு நாளும் நான் சலித்துக்கொண்ட சட்டம் அது. ஆனால் பாடியவர் யார் என்று எங்கள் கரையில் ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டது அதுதான். இணையம் வராமல் அலை மட்டும் இருந்திருந்தால் இந்த நாட்டுச் சட்டமும் கேட்டிருக்காது.

ஷிஃப்னா வரவில்லை, அன்று அவளுக்கு விளையாட்டு இருந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. அவள் கேட்க வேண்டியதை ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

ஒலிவாங்கியைத் திறந்து, பாட்டை எழுதி இசையமைத்தவர் கற்பிட்டி மஃறூப், பாடியவர் உடப்பு செல்வராணி என்று சொன்னேன். பாட்டுப் போகும்போது கைத்தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. டோஹாவிலிருந்து, கனமூலையிலிருந்து, யாரென்று தெரியாத இலக்கங்களிலிருந்து. இவ்வளவு காலமும் பெயர் தெரியாமல் கேட்டோம் என்று பலர் எழுதியிருந்தார்கள். மஃறூப் நானா ரிஸ்மியின் கடைக்கே வந்து, சிமெந்து மூட்டையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பெயர் வாசித்தபோது அங்கே இருந்த வாடிக்கையாளர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாராம்.

நிகழ்ச்சி முடிந்து நிலவறையிலிருந்து மேலே வந்தபோது மழை விட்டிருந்தது. படியில் நின்று செல்வராணி அக்காவை அழைத்தேன். வீட்டில் எல்லாரும் இருந்து கேட்டதாகச் சொன்னார். பக்கத்து வீட்டாரும் வந்தார்களாம். தான் மட்டும் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாராம். பாட்டு நல்லாய் இருந்தது, ஓர்கன்தான் கொஞ்சம் கூட என்றார். நன்றி சொன்னார். நானும் சொன்னேன். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"தங்கச்சி, ஒரு விஷயம். குறை எண்டு நினைக்காதீங்க."

"சொல்லுங்க அக்கா."

"நீங்கள் உடப்பு செல்வராணி எண்டு சொன்னீங்கதானே. நாங்க ஆண்டிமுனை. உடப்புக்குள்ள வேற ஒரு செல்வராணி இருக்கிறா. பாட்டு முடிஞ்சதிலயிருந்து சனம் அவட வீட்டுக்குப் போய் வாழ்த்துச் சொல்லுதாம்."

மன்னிப்புக் கேட்டேன். அதனாலென்ன என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அவவுக்குப் பாட வராது."

நான் திரும்பிப் படியிறங்கினேன். எமிலி இன்னும் கணினியை மூடவில்லை. பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அறிக்கையில் ஒரு திருத்தம் இருக்கிறது, ஆண்டிமுனை என்று எழுத வேண்டும் என்றேன். அவள் எழுத்துக்கூட்டலைக் கேட்டாள்.